அவங்க என்ன சொல்றாங்கன்னா

பேருந்து நிலையத்தில் பதினேழு வருஷம் அறிவிப்பாளராக இருந்தவள் அவள். ஓட்டுநர்களும் நடத்துநர்களும் அவளை மைக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்படும் என்று அவள் சொன்னால், கடைசி மூலையில் கழிப்பறை வரிசையில் நிற்பவருக்கும் ஓர் எழுத்து பிசகாமல் கேட்கும். ளகரத்தையும் ழகரத்தையும் பிரித்துச் சொல்லும் அறிவிப்பாளரை அதற்கு முன் தான் பார்த்ததில்லை என்று நேரக்காப்பாளர் சொல்லுவார்.

அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். கட்டடங்களுக்குள் இருட்டுக் குழிகளில் இறங்கி, கம்பிக் கயிற்றையும் கப்பியையும் பார்த்துக்கொண்டு நாளை ஓட்டுகிற வேலை. அதில் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. வீட்டிலும் அவர் திறப்பதில்லை. "ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசிடறேன், அவருக்கு மூச்சு மிச்சம்" என்பாள் அவள். பிள்ளைகள் இல்லாத வீடு. அது வெறிச்சென்று தெரியாமல் இருந்ததற்கு அவள் வாய்தான் காரணம்.

முதலில் போனது ழகரம்தான். ஏழாவது மேடை என்று சொல்லப் போனால் நாக்கு பாதி வழியில் நின்றுவிட்டது. ஒரு மாதத்தில் மற்ற எழுத்துகளும் குழைந்தன. அறிவிப்பாளர் குடித்துவிட்டு வேலைக்கு வருகிறார் என்று ஒரு பயணி எழுதிக் கொடுத்தார். நிலைய மேலாளர் கூப்பிட்டு, "ஏம்மா, பல்லு ஏதும் கட்டியிருக்கீங்களா?" என்று கௌரவமாகக் கேட்டார். பல் மருத்துவரிடம் போனாள். தொண்டை மருத்துவரிடம் போனாள். கடைசியில் நரம்பு மருத்துவர் அவள் கையிலும் நாக்கிலும் மெல்லிய ஊசிகளைக் குத்தித் திரையைப் பார்த்தார். தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் வியாதி என்றார். முதலில் பேச்சு போகும், பிறகு விழுங்குவது, கை, கால், கடைசியில் மூச்சு.

"மருந்து இருக்கா டாக்டர்?" என்று கணவர் கேட்டார்.

"வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம்."

"எவ்வளவு?"

"கொஞ்சம்."

இந்த வியாதிக்காரர்களுக்கென்று ஓர் அறக்கட்டளை இருந்தது. ஓய்வுபெற்ற தலைமைச் செவிலியர் ஒருவர் அதை நடத்தினார். எல்லோருக்கும் அவர் பெரிய சிஸ்டர். ஒரு பழைய அச்சகத்தின் மாடியில் இரண்டு அறைகள். ஓர் அறையில் மேசை, இன்னொன்றில் கூரை வரை அடுக்கிய சக்கர நாற்காலிகள். சக்கர நாற்காலி, எச்சில் உறிஞ்சும் கருவி, மூச்சு மெஷின் எல்லாவற்றையும் அங்கிருந்துதான் வீடுகளுக்கு இரவல் கொடுத்தார்கள். எல்லாம் நாலு பேர் கொடுத்ததில் வாங்கியவை. மூச்சு மெஷினுக்கு எப்போதும் காத்திருப்புப் பட்டியல் இருந்தது. ஒருவர் போனால்தான் அடுத்தவருக்கு.

"நீ நல்லாப் பேசுவியாமே" என்றார் பெரிய சிஸ்டர் அவளிடம். "நாலு இடத்துல வந்து பேசேன். நான் பேசினா நோயாளி சீட்டு வாசிக்கிற மாதிரி இருக்கு. ஜனங்க கொட்டாவி விடறாங்க."

முதல் பேச்சு ஒரு காப்பீட்டு அலுவலகத்தில். அப்போது அவள் பேச்சு குழறினாலும் புரியும். "என் நாக்கு இப்ப ஆபீஸ் குமாஸ்தா மாதிரி" என்று ஆரம்பித்தாள். "பத்து மணிக்கு வேலைக்கு வருது. பதினொண்ணுக்கெல்லாம் களைச்சுப் போய் உக்காந்துடுது." குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். சிரித்த பிறகு இதற்குச் சிரிக்கலாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அரை மணி நேரம் பேசினாள். உண்டியல் நிறைந்து, மேசை மேல் ஒரு தட்டையும் வைக்க வேண்டியிருந்தது.

மறுபடி மைக் பிடித்ததில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு தெம்பு வந்திருந்தது. வண்டியில் வரும்போது, எந்த இடத்தில் எத்தனை பேர் சிரித்தார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கணவர் துண்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். எச்சில் துடைக்க அந்தத் துண்டு. முன்வரிசையில் உட்கார்ந்து அதைப் பிடித்திருப்பதுதான் அவர் வேலை.

ஆறாவது பேச்சு ஒரு கல்லூரி அரங்கில். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும், பின்வரிசையில் சலசலப்பு. "புரியல" என்றது ஒரு குரல். அவள் நிறுத்தினாள். முன்வரிசையைப் பார்த்துத் தலையசைத்தாள். துடைக்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து அவர் துண்டோடு மேடையேறினார்.

"நான் சொல்றத நீங்க திருப்பிச் சொல்லுங்க" என்றாள், அவர் காதில்.

"நானா?"

"வேற யாரு, உங்க அப்பாவா?"

நகக்கண்ணில் கிரீஸ் இருந்த கைகளை அவர் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அவள் ஒரு வாக்கியம் சொன்னாள். அவர் மைக்கிடம் குனிந்து, "அவங்க என்ன சொல்றாங்கன்னா" என்று தொடங்கி அதைச் சொன்னார். வாழ்க்கையில் அவர் மைக்கில் பேசிய முதல் வார்த்தைகள் அவை. ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஏறக்கூடாது என்று லிஃப்டுக்குள் எழுதியிருப்பதை வாசிக்கிற தொனியில்தான் அவளுடைய நகைச்சுவைகளையும் சொன்னார். ஜனங்கள் அதற்கே விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசியில் அழுதார்கள்.

"இனிமே ரெண்டு பேரும்தான்" என்றார் பெரிய சிஸ்டர்.

அப்படியே ஒரு வருஷம் போயிற்று. வங்கிகள், பள்ளிக்கூடங்கள், மாதர் சங்கங்கள். மேடைகளில் படி ஏற முடியாமல் போனபோது சக்கர நாற்காலி வந்தது. விரல்கள் மடங்கிப்போயின. அவளுடைய தங்கை, பள்ளிச் சீருடை தைப்பவள், தையல் மெஷினோடு வந்து வீட்டில் தங்கினாள். மாமா வேலைக்குப் போகும் நேரத்தில் அக்காவைக் குளிப்பாட்டுவது, குழாய் வழியாகக் கஞ்சி செலுத்துவது எல்லாம் அவள் பொறுப்பு.

மூச்சு மெஷின் பட்டியலில் முதல் ஆளாக இருந்தவர் ஒரு கணக்கு வாத்தியார். அச்சக மாடியில் அவரை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அவளைவிட அவர் நிலைமை மோசம். "இவருக்காவது கிடைக்கணும்" என்று அவள் ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் சொல்லுவாள்.

உலகத்தில் அவள் பேச்சு புரிகிற ஒரே ஆள் கணவர்தான் என்றாகிவிட்டது. தங்கைக்குப் பாதிதான் புரியும். பிறகு அவருக்கும் பிசக ஆரம்பித்தது. ஒரு நாள் ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். அவர் போர்வை எடுத்து வந்தார். இன்னொரு நாள் அரைமணி நேரம் ஒரே வார்த்தையைச் சொன்னாள். அவருக்குத் தெரிந்த எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்தார். "கால் வலிக்குதா? தலை சீவணுமா? யாராவது வரச் சொன்னாங்களா?" கடைசியில் அவள் சொல்வதை விட்டுவிட்டாள். அது என்ன என்று அவருக்குத் தெரியாமலே போயிற்று.

ஒரு நூற்பாலை உணவுக்கூடத்தில் அது நடந்தது. சாப்பாட்டு இடைவேளை. இருநூறு பேர் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அவள் நீளமாக ஒரு வாக்கியம் சொன்னாள். அவருக்கு அதில் ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. குனிந்து, "மறுபடி சொல்லு" என்றார். சொன்னாள். இல்லை. "இன்னொரு தடவை." சொன்னாள். இருநூறு பேர் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள்.

"அவங்க என்ன சொல்றாங்கன்னா" என்றார். அப்புறம், "என் பேச்சு போயிடுச்சு, ஆனா நான் இன்னும் உள்ள இருக்கேன், யாராவது தட்டினா நான் திறப்பேன்னு சொல்றாங்க."

எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் தட்டைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். சக்கர நாற்காலியில் மனைவி கழுத்தை மெதுவாகத் திருப்பி அவரைப் பார்த்தாள். பிறகு அடுத்த வாக்கியத்தைச் சொன்னாள். அதையும் அவர் இட்டுக்கட்டினார்.

வீட்டில் எழுத்து அட்டை இருந்தது. மேலே பன்னிரண்டு உயிரெழுத்து, கீழே பதினெட்டு மெய். தங்கை விரலை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்துவாள். சரியான எழுத்து வரும்போது அக்கா கண்ணை மூடித் திறப்பாள். மெய்யும் உயிருமாகக் கூட்டி ஒரு வார்த்தை சேர இரண்டு நிமிஷம். ஒருமுறை கால்மணி நேரம் செலவழித்து, 'நம்ம மொழிக்கு எழுத்து கொஞ்சம் அதிகம்' என்று சொல்லியிருக்கிறாள்.

அன்று மாலை அட்டையில், 'நான் அதைச் சொல்லலை' என்று வந்தது.

"தெரியும்" என்றார் அவர். "நீ என்ன சொன்னே?"

'சோக்கு.' அட்டையில் ஜகரம் இல்லை.

"என்ன ஜோக்கு?"

அவள் கண்ணை மூடவில்லை. தங்கை விரலை அட்டை முழுக்க ஓட்டி முடித்த பிறகு, 'விடுங்க' என்று வந்தது. 'ஆறிப்போச்சு.'

மறுநாள் அவர் அச்சக மாடிக்குப் போனார். "இனிமே எனக்கு முடியாது சிஸ்டர். அவ பேசறது எனக்குப் புரியல. நானா என்னமோ உளறினேன்."

பெரிய சிஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க உளறினது அந்த மில்லுக்காரங்களை உலுக்கிடுச்சு. வாத்தியாருக்கு மிஷின் வாங்க முக்கால்வாசி சேந்துடுச்சு. இன்னும் ஒரு இடம் போனா போதும்." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "பொய்யின்னு நினைச்சா வேண்டாம். நான் வற்புறுத்தல."

அவர் வீட்டுக்கு வந்து அப்படியே மனைவியிடம் சொன்னார். அவள் அட்டையைக் கேட்டாள். 'போவோம். முன்னாடியே எழுதிக்கலாம்.'

அதிலிருந்து பேச்சை அவள் பல நாள் உட்கார்ந்து கண்ணிமையால் எழுதினாள். தங்கை நோட்டில் எடுத்தாள். அவர் லிஃப்ட் குழிக்குள் முணுமுணுத்து மனப்பாடம் செய்தார். மேடையில் அவள் சத்தம் கொடுப்பாள், அவர் ஒப்பிப்பார். அவள் அந்த நேரத்தில் என்ன சொல்கிறாள் என்பது யாருக்கும் தேவைப்படவில்லை.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கூடத்தில் பேசியபோதுதான் அவர் அதைக் கவனித்தார். அவள் சத்தத்தில் ஒரு ராகம் இருந்தது. மெதுவாகத் தொடங்கி, நடுவில் ஒரு நிறுத்தம், கடைசியில் சற்று மேலே போய் இறங்கும். பதினேழு வருஷம் கேட்ட ராகம். அவள் வண்டி அறிவித்துக்கொண்டிருந்தாள். எந்த ஊர், எந்த மேடை என்று தெரியவில்லை. ஆனால் அறிவிப்புதான். அவர் பொறுமை, வேதனை, துணிவு என்று ஒப்பித்துக்கொண்டிருக்க, அவள் பக்கத்தில் வண்டி வண்டியாக அனுப்பிக்கொண்டிருந்தாள். அவருக்குச் சிரிப்பு வந்து, இருமுவதுபோல் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். கண் சிரித்தது. அந்த வருஷத்தில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அன்று ஒருநாள்தான்.

வாத்தியாருக்கு மெஷின் போயிற்று. பதினொரு நாள் அதை வைத்திருந்துவிட்டு அவர் இறந்துபோனார். மெஷின் பட்டியலில் அடுத்தவரிடம் போயிற்று.

மேடையில் நடப்பதை அவர் சொல்லக் கேட்டிருந்த தங்கைக்கு ஒரு கட்டத்துக்கு மேல் பொறுக்கவில்லை. "அக்கா பஸ்ஸு அனுப்பிட்டு இருக்கா, நீங்க தைரியம் தன்னம்பிக்கைன்னு அளந்துட்டு இருக்கீங்க. இது என்ன மாமா, விளையாட்டா? அவளால உக்காரவே முடியல."

"அவளுக்கு இது ஒண்ணுதாம்மா இருக்கு."

"அவளுக்கா, உங்களுக்கா?"

தங்கை தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து காலரைத் தைக்க ஆரம்பித்தாள். தையல் கோணலாகப் போய், பிரித்துத் திரும்பத் தைத்தாள்.

கடைசிப் பேச்சு வியாபாரிகள் சங்கத்தில். வீட்டில் வைத்துப் பார்க்க முடியாதவர்களுக்காக நான்கு படுக்கைகள் கொண்ட ஒரு விடுதி கட்ட பெரிய சிஸ்டர் பல வருஷமாக அலைந்துகொண்டிருந்தார். இவர்கள் பேச்சைக் கேட்டுவிட்டு முடிவு சொல்வதாகச் சங்கத் தலைவர் சொல்லியிருந்தார். இனி வெளியே அழைத்துப் போகாதீர்கள் என்று மருத்துவர் சொன்னார். கணவர் மனைவியிடம் கேட்டார். அவள் கண்ணை மூடித் திறந்தாள். தங்கை முன்வரிசையில் உட்காருவேன் என்ற நிபந்தனையோடு சம்மதித்தாள்.

கூடம் நிரம்பியிருந்தது. பாதிப் பேச்சு வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவள் மெலிதாக அந்த ராகத்தில் சத்தம் கொடுத்தாள், அவர் ஒப்பித்தார். பிறகு ராகம் நின்றது. அவள் சின்னதாக ஏதோ சொன்னாள். மறுபடி அதையே சொன்னாள். அவர் குனிந்து, "என்னம்மா?" என்றார். மூன்றாம் தடவையும் அதே சத்தம். இரண்டு எழுத்தோ மூன்று எழுத்தோ. இன்னும் மூன்று வாக்கியங்கள்தான் பாக்கி. சங்கத் தலைவர் கைக்குட்டையை எடுத்திருந்தார்.

அவர் நிமிர்ந்தார். "அவங்க என்ன சொல்றாங்கன்னா" என்று தொடங்கி, மூன்று வாக்கியங்களையும் சொல்லி முடித்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. தட்டுகிறவர்களுக்கு நடுவில் தங்கை மேடையை நோக்கி ஓடி வந்தாள்.

அக்காவின் உதடு வெளுத்திருந்தது. தங்கை எச்சிலை உறிஞ்சி எடுத்து, நிமிர்த்தி உட்காரவைத்தாள். மூச்சு சீரானது. மறுநாள் காய்ச்சல். அதற்கு மறுநாள் மருத்துவமனை. எச்சில் நுரையீரலுக்குள் போயிருக்கிறது என்றார்கள்.

"மேடையிலயா டாக்டர்?"

"எப்ப வேணும்னாலும் நடந்திருக்கலாம். அதைப் போட்டு யோசிக்காதீங்க."

"அன்னிக்கு மேடையில அவ வேண்டாம்னு தலைய ஆட்டினா மாமா" என்றாள் தங்கை, வராந்தாவில். "நீங்க பாக்கல." கோபமாகச் சொல்லவில்லை. அதற்குமேல் அதைப் பற்றி அவள் என்றைக்கும் பேசவும் இல்லை.

ஆறாம் நாள் அவள் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். மூச்சுக் குழாய் போட்டிருந்ததால் இப்போது சத்தமும் கிடையாது. அவர் அட்டையை எடுத்தார். "அன்னிக்கு மூணு தடவை சொன்னியே. என்ன சொன்னே?" உயிரெழுத்திலிருந்து விரலை நகர்த்தினார். பன்னிரண்டும் போயின. பதினெட்டும் போயின. மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். அவள் அட்டையைப் பார்க்கவே இல்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடவில்லை. அவர் அட்டையைப் படுக்கைக்குக் கீழே வைத்தார்.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு, அவர் மருந்துக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, அவள் இறந்தாள். தங்கைதான் பக்கத்தில் இருந்தாள்.

சங்கத் தலைவர் விடுதிக்குப் பணம் தந்தார். ஏழு மாதத்தில் நான்கு படுக்கை விடுதி திறந்தது. வாசலில் அவள் படம். திறந்த வாரத்திலேயே நான்கும் நிரம்பி, அதற்கும் ஒரு பட்டியல் போட வேண்டியதாயிற்று. தங்கை தையல் மெஷினைக் கட்டி எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது, "சாப்பிடுங்க மாமா" என்று மட்டும் சொன்னாள்.

பெரிய சிஸ்டர் கேட்டதற்காக அவர் ஒரே ஒரு தடவை தனியாகப் பேசப் போனார். ஒரு பள்ளி ஆசிரியர்கள் அறை, இருபது பேர்தான். மைக் கூட இல்லை. எழுந்து நின்றார். பக்கத்திலிருந்து முதலில் அவள் சத்தம் வரும், அது முடிந்ததும் இவர் ஆரம்பிப்பார். அப்படித்தான் பழக்கம். சத்தம் வரவில்லை. அவர் காத்துக்கொண்டே நின்றார். ஓர் ஆசிரியை எழுந்து வந்து, "உக்காருங்க சார், பரவால்ல" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். ஆசிரியர்கள் கொடுக்கத்தான் செய்தார்கள். அது அவருக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

மறுபடி லிஃப்ட் குழிக்குள் இறங்கினார். முழு நேரம் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார்.

சில மாதம் கழித்துப் பெரிய சிஸ்டர் போன் செய்தார். "பேச வேண்டாம். கேட்டாப் போதும். புதுசா ஒருத்தர், மூக்குக் கண்ணாடிக் கடை வெச்சிருக்கார். பேச்சு குழறிடுச்சு. வீட்டம்மாவுக்கு ஒண்ணும் புரியலையாம், அழுறாங்க. நீங்க போய் எப்படிக் கேக்கறதுன்னு சொல்லிக் கொடுங்க. உங்களை விட்டா அது யாருக்கும் தெரியாது."

தனக்கும் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தவர், விலாசம் கேட்டு எழுதிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை போனார்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. கடைக்காரர் சாய்வு நாற்காலியில் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் இன்னமும் சின்ன திருகாணிக் கருவி செருகியிருந்தது. மனைவி சுறுசுறுப்பான பெண். நோட்டும் பேனாவும் எடுத்துவைத்துக்கொண்டு, பாடம் கேட்கிறவள்போல் எதிரில் உட்கார்ந்தாள்.

"உதட்டப் பாக்காதீங்க, ஏமாத்திடும்" என்றார் லிஃப்ட்காரர். "அவசரப்படுத்தாதீங்க. புரியலன்னா புரியலன்னு சொல்லிடுங்க." பிறகு கடைக்காரரைப் பார்த்து, "ஏதாவது சொல்லுங்க சார்" என்றார்.

கடைக்காரர் அவரைப் பார்த்துச் சொன்னார். குழைந்து, மூக்கில் ஏறி, எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி வந்தது. ஆனால் அவருக்கு ஒரே தடவையில் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

"என்ன சொல்றாரு?" என்றாள் மனைவி, பேனாவைத் திறந்து.

அவர் அவள் பக்கம் திரும்பினார். "பயமா இருக்குன்னு சொல்றாரு. ரொம்ப பயமா இருக்காம்."

மனைவி எழுதவில்லை. "இருக்காதே" என்றாள். "அவரு அப்படிப் பேசற ஆளே இல்லை. இவ்வளவு வருஷத்துல ஒரு தடவை சொன்னது கிடையாது. நீங்க சரியாக் கேக்கல போல. மறுபடி கேளுங்க."

"மறுபடி சொல்லுங்க சார்."

கடைக்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"தண்ணி கேக்குறாரு" என்றார் லிஃப்ட்காரர்.

"அதானே" என்றாள் அவள். முகம் தெளிந்துவிட்டது. "நானும் அப்படித்தான் நினைச்சேன்." நோட்டை மூடிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

கடைக்காரர் லிஃப்ட்காரர் பக்கம் திரும்பி, முதலில் சொன்னதையே இன்னும் மெதுவாகச் சொன்னார்.

"கேட்டுச்சு சார்" என்றார் அவர்.